எட்டு என்று சொன்னால் பன்னிரண்டு

வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்க வேண்டுமென்றால் நான் நாலு கடை ஏறி இறங்குவேன். கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போய், முதலில் பார்த்ததையே வாங்குவேன். வாங்கி வந்த பிறகு ஒரு வாரம், இரண்டாவது கடையில் பார்த்த பச்சை நிற மிக்ஸிதான் நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே சட்னி அரைப்பேன். இப்படிப்பட்ட நான்தான் டிராக்டரில் மாட்டி ஓட்டுகிற மரம் அரைக்கும் மிஷினைத் தேர்ந்தெடுக்கக் கிளம்பினேன். யாருமே என்னைத் தடுக்கவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் கோபமாக வருகிறது.

எல்லாம் அந்த நிலத்தால் வந்தது. வெண்ணந்தூருக்குப் பக்கத்தில், அப்பா பாகம் பிரித்தபோது என் பேருக்கு எழுதிவைத்த இரண்டரை ஏக்கர். எங்கள் பக்கம் மழையை நம்பிய நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். என்னுடையது நிஜமாகவே காடாக இருந்தது. நான் ராசிபுரத்தில் அரசுப் பள்ளியில் புவியியல் டீச்சர். செம்மண், கரிசல், வண்டல் என்று பலகையில் எழுதி எழுதியே ஓய்வு பெற்றேன். அந்தக் காலமெல்லாம் என் சொந்தச் செம்மண்ணில் சீமைக் கருவேலம் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. மேயப் போகிற ஆடுகள்கூட உள்ளே நுழைய யோசித்து ஓரத்தோடு திரும்பின.

பத்திரத்தில் என் பேர் இருந்ததே தவிர, பேச்சில் யாரும் அதை என்னுடையது என்று சொன்னதில்லை. ஊர்க்காரர்கள் ‘அந்தச் சும்மா கெடக்கற காடு’ என்பார்கள். பக்கத்து நிலம் அண்ணனுடையது. அவர் ‘நம்ம மேக்கால காடு’ என்பார். அந்த ‘நம்ம’ எனக்குள் முள்ளாகக் குத்தும். ஆனால் விதைக்காத நிலத்துக்கு எந்த வாயை வைத்துக்கொண்டு சண்டை போடுவது?

போன வைகாசியில் அண்ணன் வீட்டில் கெடா விருந்து. சொந்தபந்தம், உறம்பரை எல்லாம் வந்திருந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அண்ணன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“பாப்பா, அந்தச் சும்மா கெடக்கற காட்ட எனக்குக் குடுத்துரு. கோழிக்கு ரெண்டு ஷெட்டு போட்டுக்கறேன். நீயும் ரிட்டேர்டு ஆயாச்சு. இனி அதுல போயி என்னத்தப் பண்ணப் போற?”

என் வாயில் எலும்புத் துண்டு இருந்தது. அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு, “கடலை போடப் போறனுங்கண்ணா. ஆடிப் பதினெட்டுக்குள்ள வெதைக்கறேன். வெதைக்கலைன்னா நீங்களே எடுத்துக்குங்க” என்றேன்.

சொல்லி முடிக்கும்வரை அப்படி ஒரு எண்ணம் இருப்பது எனக்கே தெரியாது. பந்தி மொத்தமும் கேட்டுவிட்டது. பக்கத்து இலையில் என் வீட்டுக்காரர் ரசம் வாங்கக் குழித்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து மெதுவாக, “அம்மிணி, கடலை எந்த மாசம் வெதைக்கறதுன்னாவது தெரியுமா?” என்றார்.

“அதான் ஆடின்னு சொல்லிட்டனுங்களே.”

அண்ணன் கெட்டவர் இல்லை. நிலம் கேட்ட அதே வாயால் எனக்கு வழியும் சொன்னார். “பொக்லைன் உட்டு வேரோட புடுங்கு. குமிச்சுத் தீ வெச்சுரு. ரெண்டு நாள் வேலை பாப்பா.” முதல் பாதியைச் செய்தேன். பொக்லைன் வந்து மரங்களை வேரோடு பிடுங்கி வீட்டு உயரத்துக்குப் போர் போராகக் குவித்துவிட்டுப் போனது. இரண்டாவது பாதிதான் பிரச்சினை. பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் நடத்தியவள் நான். ‘எரிக்காதே, எரிக்காதே’ என்று பிள்ளைகளை வெயிலில் ஊர்வலம் கூட்டிப் போய், இரண்டு பேர் மயங்கி விழுந்ததும் உண்டு. அப்படிப்பட்டவள் நிலத்தில் தீ வைத்தால், என் பழைய மாணவர்கள் யாராவது போகிற போக்கில் பஸ்ஸிலிருந்து பார்ப்பார்கள். விறகுக்காரரிடம் கேட்டேன். அவர் தடித்த கட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முள்ளும் கிளையும் உங்களுக்கே என்றார். முள்ளும் கிளையும்தான் முக்கால்வாசி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் போனில் அந்த வீடியோ வந்து தொலைத்தது. ஏதோ வெளிநாடு. டிராக்டருக்குப் பின்னால் ஒரு மிஷின். ஒரு வெள்ளைக்காரர் கிளைகளை அதன் வாயில் கொடுக்கிறார். அது உள்ளே இழுத்துக்கொண்டு மறுபக்கம் தூளாகத் துப்புகிறது. அவர் ஒரு கையால்தான் கொடுக்கிறார். இன்னொரு கையில் காப்பி. நான் அந்த வீடியோவைத் தினமும் பார்த்தேன். என்னையும் அதே இடத்தில், அதே மாதிரி காப்பியோடு, பின்னால் அண்ணன் வாய் பிளந்து நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். மிஷின் வாங்க முடிவு செய்ததில் பாதிப் பங்கு அந்தக் காப்பிக்கு உண்டு.

சேலத்தில் ஒரு விவசாயக் கருவிக் கடைக்குப் போனோம். கட்டை எத்தனை தடிமன் என்று கேட்பார்கள் அல்லவா, அதற்காகக் கட்டைப் பையில் சாம்பிள் எடுத்துப் போனேன். ஜவுளிக் கடைப் பைக்குள் சீமைக் கருவேலம். போரில் கிடந்ததெல்லாம் என் மணிக்கட்டு தடிமன்தான். ஆனால் சாம்பிள் என்றால் கொஞ்சம் மதிப்பாக இருக்க வேண்டாமா? பாழுங்கிணற்றோரம் ஒரே ஒரு கிழட்டு மரம் இருந்தது. அதன் அடிக்கட்டையில் ஒரு துண்டை அறுக்கச் சொல்லி எடுத்துப் போனேன். பள்ளியில் இன்ஸ்பெக்ஷன் வரும்போது நன்றாகப் படிக்கிற பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைத்துப் பழகிய கை.

கடைக்காரர் நடுத்தர வயதுக்காரர், பொறுமையானவர். ஆனால் என்னைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, “டிராக்டர் எத்தனை ஹெச்பி சார்?” என்றார்.

“முப்பத்தஞ்சு இருக்குமுங்க. நம்ம பட்டறைல நிக்கற பழசு.”

“அப்ப இந்த நாலு இஞ்ச் மாடல் கரெக்டா இருக்கும் சார்.” மிஷினைத் திறந்து காட்டினார். உள்ளே ஓர் உருளை, அதில் கத்திகள். டிராக்டருக்குப் பின்னால் சுற்றுகிற தண்டு ஒன்று உண்டு, பி.டி.ஓ. என்பார்கள். அதில் மாட்டினால் உருளை சுற்றும். நாலு இஞ்ச் வாயில் நாலு இஞ்ச் கட்டைவரை போகும். வாய் பெரிதானால் உருளையும் பெரிதாகும், இழுக்க டிராக்டருக்கும் தெம்பு வேண்டும். எல்லாம் எனக்குத் தெளிவாகவே புரிந்தது. புரிந்துகொண்டு நடப்பவளாக இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

நான் பையிலிருந்து கட்டையை எடுத்து அவர் மேஜைமேல் டொம்மென்று வைத்தேன். “இது போகுமா?”

“போகாதுங்க மேடம்.”

“அப்ப எட்டு இஞ்ச் காட்டுங்க.”

அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “எட்டு இஞ்சுக்கு உங்க டிராக்டர் பத்தாது சார். அம்பது ஹெச்பியாவது வேணும்” என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கேட்டது நான், பதில் போனது என் வீட்டுக்காரருக்கு. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு அந்த மனிதரை ஆணாதிக்கத்தின் மொத்த உருவமாகவே நினைத்துக்கொண்டு, கட்டையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே டீக்கடையில் என் வீட்டுக்காரர் வேறு ஒரு காரணத்துக்காக முகம் சுளித்துக்கொண்டிருந்தார். அவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கே வாடகைக்கு விட்டுவிட்டார். ஆனாலும் தினமும் காலையில் அங்கே போய் டீ குடித்து, அவர்கள் செய்கிற வெல்டிங்கைக் குறை சொல்லிவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கடையில் அவர் மிஷினை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறார்.

“தகரம் அம்மிணி. சுத்தத் தகரம். இதுக்கா சேலம் வந்தோம்? நானே அடிச்சுத் தாரேன். எத்தனை இஞ்சு வேணும் சொல்லு.”

“எட்டு.”

“நெசமாவே எட்டா?”

“எட்டுதானுங்க.”

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது.

லாரிக்கு பாடி கட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி முதலாளி வந்து, பத்து டன்னுக்கு மேல் ஏற்றவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணுவார். கட்டுகிறவர் தலையாட்டிவிட்டுப் பதினைந்துக்குக் கட்டுவார். முதலாளி பதினைந்து ஏற்றுவார் என்பது அவருக்குத் தெரியும். அவர் கூடுதலாகக் கட்டியிருப்பார் என்பது முதலாளிக்கும் தெரியும். யாரும் யாரிடமும் உண்மை பேசாமலே வண்டிகள் அஸ்ஸாம் வரைக்கும் போய்த் திரும்பி வருகின்றன. என் வீட்டுக்காரர் ஆயுள் முழுக்க அப்படிக் கட்டியவர். என் விஷயத்தில் ஒரே ஒரு சிக்கல்தான். வண்டி முதலாளிகள் குறைத்துச் சொல்வார்கள். நான் கூட்டிச் சொல்லியிருந்தேன்.

ஆனி மாதம் முழுக்கப் பட்டறையில் வேலை நடந்தது. லாரியின் ஸ்பிரிங் பட்டையை அறுத்துக் கத்தி செய்தார்கள். நான் டிபன் கேரியரோடு போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் மிஷின் கொஞ்சம் பருத்திருக்கும். பட்டறைக்கு டீ குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரு யோசனை சொன்னார்கள், என் வீட்டுக்காரர் ஒன்றையும் தட்டவில்லை. “இங்க ஒரு இரும்புச் சேனல் குடுத்துட்டா ஆடாதுங்க.” கொடுத்தார். “அடியில இன்னொரு பிளேட்டு வெச்சுரலாமுங்க.” வைத்தார். எனக்கோ ஒரே பெருமை. கடையில் பார்த்தது இதன் பக்கத்தில் காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின் மாதிரி இருந்தது. எடை என்ன இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் எடை கூடினால் அது நல்ல செய்திதான்.

கடைசியில் பெயிண்டர் வந்தார். அவருக்கு லாரியைத் தவிர வேறெதற்கும் பெயிண்ட் அடித்துப் பழக்கமில்லை. பச்சையும் மஞ்சளும் அடித்து, பக்கவாட்டில் தாமரை போட்டு, பின்னால் நாக்கைத் தொங்கவிட்ட திருஷ்டி முகம் வரைந்து, அதற்குக் கீழே ‘ஒலி எழுப்பவும்’ என்றும் எழுதிவிட்டார். முன்நெற்றியில் என்ன எழுதுவது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாராம். அடுத்த நாள் நான் போனபோது அங்கே சிவப்பு எழுத்தில் ‘அம்மிணி’ என்று இருந்தது. அவர் மட்டும் என்னைக் கூப்பிடுகிற பேர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, ‘ஒலி எழுப்பவும்’ எதற்கு என்று கேட்டு பெயிண்டரோடு சண்டை போட்டேன்.

ஆடி பிறந்துவிட்டால் புது மிஷினுக்குப் பூஜை போடமாட்டார்கள். அதனால் ஆனிக் கடைசி நாளில் காட்டில் பூஜை. மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினோம். பட்டறையில் சேசிஸ் இழுக்க வைத்திருந்த பழைய டிராக்டரும் வந்தது. உறம்பரையில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அண்ணன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். சுற்றிலும் மற்றவர்கள் காடுகளில் புழுதி உழவு ஓட்டி முடித்திருந்தார்கள். என் காட்டில் முள் போர்கள் காய்ந்து கரகரத்துக்கொண்டிருந்தன. அவை போனால்தான் ஏர் ஓட்ட முடியும்.

முதலில் நான்தான் டிராக்டரில் ஏறுவேன் என்று அடம் பிடித்தேன். பட்டறை மைதானத்தில் ஓட்டிப் பழகியிருந்தேன். மிஷினை டிராக்டரின் பின்கையில் மாட்டினார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள். “லீவரத் தூக்கு அம்மிணி” என்றார் என் வீட்டுக்காரர். லீவரைத் தூக்கினால் பின்னால் மிஷின் தரையைவிட்டு எழும்ப வேண்டும்.

தூக்கினேன். மிஷின் அசையவில்லை. எனக்கு முன்னால் இருந்த பானெட் மெதுவாக மேலே எழும்பியது. முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்க, நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி மல்லாந்திருந்தேன். கீழே முன்சக்கரத்து எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் முழுசாகக் கிடந்தன.

“பாப்பா, ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டு மேல எங்க போற?” என்றார் அண்ணன். அதன் பிறகு சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தை அளந்தார். எங்கள் பக்கம் டிராக்டர் முன்பக்கம் எழும்பினால் ஆள் ஏறி உட்காருவது வழக்கம். அவர் கண் ஒவ்வொருவராகத் தாண்டி வந்து அண்ணன்மேல் நின்றது. அண்ணன் நல்ல கனத்த உடம்பு.

“மச்சான், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. நீங்க முன்னாடி ஏறுனீங்கன்னா சரியாப் போயிரும்.”

“நானா? இந்த வேட்டியோடவா மாப்ளை?”

“வேற ஆரு ஏறுனாலும் பத்தாதுங்க மச்சான்.”

அண்ணன் துண்டை மடித்து பானெட்மேல் விரித்து, முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். முன்சக்கரம் இறங்கி எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. மிஷின் தரையைவிட்டு எழும்பியது. என் நிலம் போனால் எடுத்துக்கொள்ளப் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி நான் டிராக்டரைப் போரின் பக்கம் ஓட்டிப் போனேன். அவர் எடை இல்லாவிட்டால் என்னால் பத்தடிகூட நகர முடியாது என்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

போர் அருகே மிஷினை இறக்கிவைத்துவிட்டு பி.டி.ஓ.வைப் போட்டேன். டிராக்டர் உறுமியது, கரும்புகை கக்கியது, நின்றுவிட்டது. மறுபடியும் ஸ்டார்ட் பண்ணினேன். மறுபடியும் நின்றது. என் வீட்டுக்காரர் ஏறிப் பார்த்தார், அவருக்கும் நின்றது. உருளை ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை.

அண்ணன் இறங்கி வந்து மிஷினின் வாய்க்குள் கையை விட்டுச் சாண் போட்டு அளந்தார். “இது எத்தனை இஞ்சுக்கு அடிச்சது மாப்ளை?”

“பன்னெண்டு.”

“பன்னெண்டா! எதுக்கு?”

“அம்மிணி எட்டுன்னு சொல்லுச்சுங்க. எட்டுன்னு சொன்னா பன்னெண்டு போடறதுதானுங்களே.”

அண்ணன் திரும்பி முள் போரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வனமே அங்கே குவிந்து கிடந்தது. “இதுல எட்டு இஞ்சு எங்க இருக்குது?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டிச் சொல்கிற கஸ்டமரைப் பார்த்த திகைப்பு இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. நிலம் போய்விட்டது என்றே நினைத்தேன். பந்தியில் வாய் விட்டவள், கடையில் முறுக்கிக்கொண்டவள், பதினெட்டு நாள் கழித்து இதே உறம்பரை முன்னால் இந்தா எடுத்துக்குங்க என்று சொல்ல வேண்டும். அண்ணன் கேட்காமலே விட்டாலும் நான் சொன்ன சொல்லை நான்தான் விழுங்க வேண்டும். டிராக்டர் மறைவில் போய் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார். கத்தியைச் சுண்டிப் பார்த்தார். பிறகு கோழித் தீவன மூட்டைகள் இழுக்கிற தன் பெரிய டிராக்டரைக் கொண்டுவரச் சொல்லி போன் போட்டார்.

அவர் எனக்காகத்தான் அதைச் செய்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்தேன். எங்கள் ஊர் ஆண்களால் ஒரு மிஷின் ஓடாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. வீட்டில் என்ன நின்றாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். மிஷின் நின்றால் தூக்கம் வராது. பந்தியில் நான் சொன்னதோ, ஷெட்டுக் கணக்கோ அந்த நேரத்தில் அவர் மனதில் இல்லை என்பது தெரிந்தது. நான் ஞாபகப்படுத்தவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

பெரிய டிராக்டரில் மாட்டியதும் உருளை சுற்றத் தொடங்கியது. முதலில் முனகல், பிறகு பிளிறல். அண்ணனே ஒரு கிளையை எடுத்து வாயில் கொடுத்தார். நொடியில் இழுத்துக்கொண்டது. மறுபக்கம் தூள் ஆளுயரத்துக்குப் பறந்து, காற்றில் திரும்பி, அவருடைய சலவை வேட்டிமேல் கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை. “மாப்ளை! பாத்தீங்களா!” என்று கத்தினார். என் வீட்டுக்காரர் கைகட்டி நின்று, ஒன்றும் ஆகாததுபோல் மீசையைத் தடவினார்.

அடுத்த நாளிலிருந்து அண்ணன் தினமும் வந்தார். நானும் பிளாஸ்க்கில் காப்பியோடு போனேன். வீடியோவில் காட்டாததெல்லாம் எனக்குத் தெரிய வந்தது. அந்த வெள்ளைக்காரர் கையில் இருந்தது வேறு ஏதோ நல்ல குணமுள்ள மரம். சீமைக் கருவேலத்தை ஒரு கையால் தூக்கினால் அது இரண்டு கையையும் கிழிக்கும். முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. ஒரு குச்சி துள்ளி வந்து என் கண்ணாடியைத் தட்டிவிட்டது. காப்பியை ஊற்றித் திரும்புவதற்குள் டம்ளரில் மரத்தூள் ஓர் ஏடாகப் படிந்திருந்தது. ஏட்டை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். ஆசைப்பட்டது ஆசைப்பட்டதுதானே.

வேலை ஓடிக்கொண்டிருந்த நாளில் அண்ணனுக்கு ஒரு புத்தி வந்தது. தன் தோப்பில் விழுந்து கிடந்த வேப்ப மரத்தை அறுத்து, தடித்த துண்டாக டிரெய்லரில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

“பன்னெண்டு இஞ்சுன்னா பன்னெண்டு இஞ்சு போகோணுமில்ல? பாத்துருவோம்.”

அவரும் என் வீட்டுக்காரரும் அரை நாள் அந்தத் துண்டை இடம் மாற்றி இடம் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த நாள் இன்னும் தடித்த துண்டு வந்தது. என் போர்கள் அப்படியே கிடந்தன. ஆடிப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பழைய வகுப்பறைக் குரல் எங்கிருந்தோ எழும்பிவிட்டது.

“ரெண்டு பேரும் அதக் கீழ போடுங்க! இந்தப் போர் முடியற வரைக்கும் வேற எதையும் தொடப்படாது!”

சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பேரும் கையிலிருந்ததைக் கீழே போட்டார்கள். அண்ணன் போரிலிருந்து ஒரு முள் கிளையை எடுத்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு மிஷின் சும்மா நிற்கவில்லை.

கடைசிப் போரும் தூளான பிறகு அதை வரப்போரமெல்லாம் கொட்டினோம். மழையும் ஒரு பாட்டம் பெய்தது. அண்ணன் டிராக்டர் இங்கேதான் நின்றது என்பதால் உழவும் அதிலேயே ஓட்டிவிட்டார். நான் அத்தனை வருஷம் பலகையில் எழுதிய செம்மண் அன்றைக்குத்தான் என் கண்ணெதிரே புரண்டு கிடந்தது. இவ்வளவு சிவப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆடிப் பதினெட்டு அன்று காலையில் விதைக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். முதல் விதையை யாராவது ஊன்றினால்தான் அவர்கள் தொடங்குவார்கள். அண்ணனுக்குக் கைராசி உண்டு என்று ஊரே சொல்லும். அவர் விதைத்தால் முளைக்கும் என்று மற்றவர்களே கூப்பிட்டுப் போவார்கள். போதாக்குறைக்கு இந்த நிலத்தைச் சுத்தம் பண்ணியதும் உழுததும் அவர்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது. விதைக் கடலை இருந்த தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் டிராக்டரில் உட்கார்ந்து, எஞ்சினை நிறுத்தாமல், வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்.

“அண்ணா, நீங்களே மொதல்ல போட்டுக் குடுங்க.”

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அவர் எரிச்சலோடு என்னைப் பார்த்தார்.

“ஏம்பாப்பா, உன்ற காட்டுல நீ போடாம நானா வந்து போடுவேன்? சட்டுனு போடு. அங்க ஆளுக நின்னுக்கிட்டு இருக்கறாங்க, இங்க டீசல் எரியுது.”

சொன்னது என்னவென்று அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. அவர் பார்வை டீசல் முள்மேல் இருந்தது. நான் தட்டோடு உழவுச் சாலுக்குத் திரும்பி வந்தேன். கண் மறைத்ததால் கால் இரண்டு தடவை இடறியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பருப்பை எடுத்தேன். மண்ணில் வைக்கப் போகும்போதுதான், கூர் முனை மேலே வரவேண்டுமா கீழே போகவேண்டுமா என்பது எனக்குத் தெரியாது என்று தெரிந்தது. அண்ணனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. என் காடு. படுக்க வைத்து மண்ணைத் தள்ளினேன்.